யகோபாவில் சாப்பாட்டு நேரம்

கடற்புறாக்களுக்கு மணி பார்க்கத் தெரியுமோ என்று யூர்யெனுக்குச் சந்தேகம் வந்தது செப்டம்பர் மூன்றாம் வாரத்தில். வால் ஆறு அந்த வருஷம் கோடையிலிருந்தே வற்றிக்கொண்டு வந்தது. கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டியிருக்கும் கல்வரிசைகள் அடிவரைக்கும் வெளியே தெரிந்தன. நடுவில் மிஞ்சிய ஆழத்தில் சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமையோடு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவனுடைய ‘யகோபா’வும் அந்த வரிசையில்தான் போனது, வயிற்றில் சோயாப் புண்ணாக்கோடு.

சுக்கான் அறையில் நின்றபடி பின்பக்கம் திரும்பியபோதுதான் கவனித்தான். நாலைந்து பறவைகள் சமையலறைச் சன்னலுக்கு நேராக, தண்ணீரை ஒட்டிக் கூடவே பறந்து வந்தன. மணி பத்தரை. மறுநாளும் அதே மணிக்கு வந்தன. பிற்பகல் மூன்றரைக்கும் வந்தன. மூன்றாம் நாள் பத்து இருபதுக்கே வந்து காத்திருந்தன. யூர்யென் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். கீழே சன்னல் கண்ணாடி விலகியது. ஒரு கை வெளியே வந்தது. ரொட்டித் துண்டு ஒன்று, வெண்ணெய் தடவிய பக்கம் மேலாகச் சுழன்று விழுந்தது. தண்ணீரைத் தொடுமுன் ஒரு பறவை அதைக் கொத்திக்கொண்டு போனது. கை உள்ளே போயிற்று. கண்ணாடி மூடிக்கொண்டது.

அவன் கதவைச் சாத்திவிட்டுச் சுக்கானைப் பிடித்தான். எதிரே டீல் ஊரின் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. சுக்கானுக்குப் பக்கத்தில் மருத்துவமனைச் செவிலி மார்லூஸ் எழுதிக் கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. காலை ஏழரை, பத்தரை, பன்னிரண்டரை, மூன்றரை, ஆறு, எட்டரை. ஒரு நாளைக்கு ஆறு வேளை. பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.

ஹிஸ்கேயைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும்போதே அவனுக்குத் தெரியும். பதினாறு வயதில் அவள் சாப்பாட்டை விட்டாள். பத்து மாதம் மருத்துவமனையில் கிடந்து, உயிரோடு வீடு திரும்பினாள். அதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லித்தான் கட்டிக்கொண்டாள். பிறகு பதினான்கு வருஷம் ஒரு குறையும் இல்லை. கப்பலில் மூன்று பேருக்கும் அவள்தான் சமைத்தாள், உட்கார்ந்து சாப்பிட்டாள், பிறந்தநாளுக்கு ஆப்பிள் கேக் செய்து இரண்டாம் துண்டும் எடுத்துக்கொண்டாள். மகள் நின்கேக்கு ஏழு வயதாகும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது.

ஏழு வயதானால் கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைகள் விடுதிக்குப் போக வேண்டும். ஓடுகிற கப்பலில் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை நின்கேயை நைமேகன் விடுதியில் விட்டுவிட்டு வந்தார்கள்; இனிச் சில சனி, ஞாயிறுகளில் மட்டும் கப்பலுக்கு வந்து போவாள். காரில் திரும்பி வரும்போது யூர்யென்தான் பேசினான்.

“நானும் ஏழு வயசுல போனவன்தான். எனக்கு என்ன ஆயிடுச்சு?”

அன்று ராத்திரி உணவுக்கு ஹிஸ்கே வயிறு சரியில்லை என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அடுத்த வாரம் அவளே மார்லூஸுக்குப் போன் செய்து, “திரும்ப வந்துடுச்சு” என்றாள். தாள் வந்தது. வியாழக்கிழமைதோறும் நைமேகனுக்குப் போய் எடை பார்த்து, உட்கார்ந்து பேசிவிட்டு வரவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. யூர்யென் கீழே இறங்கி வரும்போதெல்லாம் தட்டைப் பார்ப்பான். தட்டு காலியாக இருக்கும். நிம்மதியாக மேலே போவான்.

அன்று சாயங்காலம் டீல் துறையில் கப்பலைக் கட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தான். ஹிஸ்கே கேரட் சீவிக்கொண்டிருந்தாள்.

“பறவைங்களுக்கு என்ன போட்ட?”

அவள் தலை நிமிரவில்லை. “ரொட்டி ஓரம்.”

“ஓரம் மட்டுமா?”

கத்தி நின்றது. “வேவு பாக்குறியா?”

“நான் பாக்கல. அதுங்க பத்தரை மணிக்கு டாண்ணு வந்து நிக்குது. ஏன்னு எட்டிப் பாத்தேன்.”

ஹிஸ்கேயின் உதடு ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. கத்தியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மூணு வாரமாச்சு,” என்றாள்.

“மூணு வாரமா காலித் தட்டைப் பாத்து நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்திருக்கேன்.”

“தெரியும். உன் முகத்தைப் பாக்கவே முடியல.”

“அப்புறம் ஏன் ஹிஸ்கே?”

“வேணும்னு செய்யறேன்னு நெனைக்கிறியா?” அவள் மேசையைத் தடவினாள். “இங்க மூணு நாற்காலி. எதிர்ல நின்கேயோடது காலியா கெடக்கு. நீ மேல சுக்கான்ல. நான் தனியா ஒரு துண்டு ரொட்டிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உள்ள ஒண்ணு இருக்குல்ல, அது பேச ஆரம்பிச்சுடுது. நீ சாப்பிடற அளவுக்கு இன்னிக்கு என்ன கிழிச்சுட்டேங்குது. புள்ளைய அனுப்பிட்டு உனக்கு எப்படி எறங்குதுங்குது. எதிர்த்துப் பேச வேற ஒரு குரலும் இல்ல இந்த ரூம்ல. கடைசியில அது சொல்றதக் கேட்டுட்டு சன்னலத் தொறக்கறேன்.”

யூர்யென் நின்றுகொண்டே இருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இருபது வருஷமாக அவன் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறான். ஒரு கை சுக்கானில், ஒரு கை ரொட்டியில். ஏழு நிமிஷத்தில் முடித்துவிடுவான்.

மறுநாள் காலையில் மார்லூஸுக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி வைத்தார்கள்.

“தட்டைப் பாக்கறத விட்டுடுங்க யூர்யென்,” என்றாள் மார்லூஸ். “கூட உக்காந்து சாப்பிடுங்க. நீங்க பாக்கறது தட்டைன்னா அவங்க தட்டைக் காலி பண்ணிக் காட்டி ஏமாத்துவாங்க. எதிர்ல ஆள் இருந்தா கொஞ்சம் கஷ்டம்.”

“அப்ப கப்பலை யாரு ஓட்டறது?”

“அது எனக்குத் தெரியாது. நான் செவிலி.”

அப்படித்தான் யூர்யென் தன் அப்பாவைக் கூப்பிடும்படி ஆயிற்று.

டௌவேக்கு எழுபத்து நான்கு வயது. ஐம்பது வருஷம் இதே ஆற்றில் ஓட்டியவர். மனைவி போன பிறகு துறைமுகத்தைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு, போகிற வருகிற கப்பல்களை எல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மகன் கூப்பிட்டதும் மறுநாளே ஒரு தோள்பையும், காகிதத்தில் சுற்றிய புகையில் வாட்டிய விலாங்கும் எடுத்துக்கொண்டு துறையில் வந்து நின்றார். ஏணியில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“என்னம்மா ஹிஸ்கே, பலமாக் காத்தடிச்சா உன்னை வடம் போட்டுக் கட்டணும் போலிருக்கே!”

யூர்யென் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சரக்கறை மூடிகளுக்குப் பின்னால் நிறுத்தி, அரை மணி நேரம் விளக்கினான். அப்பா தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

இரண்டு வாரம் ஒழுங்காகவே போனது. வேளை வந்தால் டௌவே சுக்கானைப் பிடிப்பார். யூர்யென் கீழே வந்து உட்காருவான். உட்கார்ந்து சாப்பிட அவன் பட்ட பாடு தனி. ஏழு நிமிஷத்தில் தட்டைக் காலி செய்துவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உப்புக் குப்பியை உருட்டுவான். ஹிஸ்கேக்கு ஒரு துண்டுக்கு இருபது நிமிஷம் ஆகும். அவன் ரொட்டியைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்ளப் பழகினான். சன்னல் மூடியே இருந்தது. பறவைகள் நாலு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு கப்பலைத் தேடிப் போயின.

அப்புறம் ஒரு காலையில், கட்டி நின்ற கப்பலில் மூவரும் சேர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டௌவே மருமகளை நிமிர்ந்து பார்த்து, மனசு நிறைந்து சொன்னார்:

“இப்பத்தான்மா பாக்க லட்சணமா இருக்க. கன்னத்துல சதை புடிச்சிருக்கு.”

ஹிஸ்கே கோப்பையை வைத்தாள். எழுந்தாள். படுக்கை அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டாள். அன்று ஒரு வேளையும் சாப்பிடவில்லை. மறுநாள் மதியம் வரைக்கும் தண்ணீரும் வெறும் காப்பியும்தான்.

அந்த மறுநாள் தெற்கே மாஸ் கால்வாயோரம் ஒரு தீவன ஆலையில் சரக்கு இறக்கினார்கள். கிரேன் அள்ளியது போக மூலைகளில் ஒட்டிக்கிடக்கும் புண்ணாக்கை மனிதர்தான் கூட்டி அள்ளவேண்டும். அப்பாவும் மகனும் அகலத் துடைப்பங்களோடு சரக்கறைக்குள் இறங்கினார்கள். மஞ்சள் தூசி மேலே வெளிச்சம் வரைக்கும் எழும்பி நின்றது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

“மெலிஞ்சிருக்கேன்னா தப்பு,” என்றார் டௌவே துணிக்குள்ளிருந்து. “நல்லாருக்கேன்னா அதவிடத் தப்பு. எந்த ஊரு நியாயம்டா இது?”

“அவ உடம்பைப் பத்தி எதுவுமே சொல்லாதீங்கப்பா. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்.”

“கண்ணு தெரியுது, சொன்னேன். குருடனாடா நானு?”

“நீங்க லட்சணம்னு சொன்னீங்க. அவ காதுல அது வேற மாதிரி விழுது. நீ ரொம்பத் தின்னுட்ட, எல்லாருக்கும் தெரியுதுன்னு விழுது.”

“அப்படி நான் சொல்லவே இல்லையே!”

“நீங்க சொல்லல. விழுது.”

டௌவே பத்தடி தூரம் கூட்டினார். மூலையில் குவியலைச் சேர்த்து, மண்வெட்டியால் தட்டி அமுக்கினார். பிறகு துடைப்பத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

“உங்கம்மா கடைசி வருஷம் சாப்பிடல,” என்றார். “நான் தட்டை முன்னால தள்ளித் தள்ளி வெச்சேன். கெஞ்சினேன். அப்புறம் கத்தினேன். கடைசி மாசம் ஒருநாள் பட்டாணி சூப்பை சட்டியோட ஆத்துல வீசினேன்.”

“அது புத்துநோய்ப்பா. அது வேற.”

“நோய் வேற. தட்டு ஒண்ணுதானே.” அவர் துணியை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சரி, உடம்பு கூடாது. சாப்பாடு?”

“சாப்பாட்டைப் பத்தியும் வேணாம். எவ்வளவு, என்ன, நல்லாருக்கா, இன்னும் கொஞ்சம், எதுவும் வேணாம்.”

“அப்ப மேசையில உக்காந்து என்னதான்டா பேசறது? என் வாழ்நாள்ல மேசையில நான் வேற பேசினதே இல்ல.”

“ஆத்தப் பத்திப் பேசுங்க. ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கீங்க.”

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு டௌவே தலையைச் சீவிக்கொண்டு மேசைக்கு வந்தார். ஹிஸ்கே வந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. உருளைக்கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் சேர்த்து மசித்தது. மாமனார் சட்டைப்பையிலிருந்து ஒரு சுருட்டுப்பெட்டி மூடியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் பென்சிலால் என்னவோ எழுதியிருந்தது.

“அது என்ன மாமா?” என்று கேட்டாள் ஹிஸ்கே.

“பேச வேண்டிய விஷயம். மறந்துடும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “ஒண்ணு, எழுபத்தொம்பதுல ஆறு உறைஞ்சது. ரெண்டு, மதகுக்காரனைக் கடிச்ச நாய். மூணு, எங்கப்பா பாலத்துல இடிச்சது. நாலு இன்னும் யோசிக்கல. எதுல ஆரம்பிக்கட்டும்?”

ஹிஸ்கே முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று யூர்யென் பதறினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நாய்,” என்றாள். கரண்டியை எடுத்தாள்.

நாய்க் கதை முக்கால் மணி நேரம் ஓடியது. அதில் பாதி பொய். தட்டில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போயிற்று.

அக்டோபரில் ஆறு இன்னும் இறங்கியது. ஒரு கப்பல் கொண்டுபோகிற சரக்குக்கு இப்போது மூன்று நடை தேவைப்பட்டது. ஆலைகளில் தீவனம் தீர்ந்துகொண்டு வந்தது. சரக்கு முகவர் நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டார். வியாழக்கிழமை காலையில் ரோட்டர்டாமில் ஏற்றியாக வேண்டும், அந்த இடத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

“வியாழக்கிழமை உனக்கு நைமேகன்,” என்றான் யூர்யென்.

“பரவால்ல, போ,” என்றாள் ஹிஸ்கே. “ஒரு வாரந்தானே. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

கேட்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. உடனே முகவருக்குச் சரி என்று சொல்லிவிட்டான். அடுத்த வியாழனும் அதே பேச்சு, அதே ‘பரவால்ல.’ இரண்டாவது தடவை அவள் அதைக் கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னாள். அதைக் கவனித்தான். கவனித்தும், முகவர் போனில் காத்திருந்ததால் விட்டுவிட்டான். அந்த வாரம் டௌவேயும் அவனும் மாறிமாறிச் சுக்கானிலேயே கிடந்தார்கள். பத்தரையும் மூன்றரையும் நழுவின. வெள்ளிக்கிழமை மார்லூஸ் தானே கூப்பிட்டாள்.

“ரெண்டு வாரம் வரல. அடுத்த வியாழன் கண்டிப்பா வரணும். எறங்கியிருந்தா பகல் நேர சிகிச்சையில சேரறதப் பத்திப் பேசியாகணும். தினமும் காலையில வந்து சாயங்காலம் போறது. அதுவும் தள்ளிப்போனா, உள்ளேயே தங்க வேண்டி வரும். பயமுறுத்தச் சொல்லல.”

மறுநாள் சனிக்கிழமை, இலையுதிர்கால விடுமுறைக்கு நின்கே கப்பலுக்கு வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கற்றுக்கொண்ட புதுக் கெட்டவார்த்தை ஒன்றைத் தாத்தாவுக்கு மட்டும் காதில் சொன்னாள். தாத்தா அதை ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்ததில் அவளுக்கு ஏமாற்றம்.

செவ்வாய்க்கிழமை யகோபா மீண்டும் தெற்கே போகச் சரக்கோடு வந்து, ஆற்றிலிருந்து கால்வாய்க்கு ஏறுகிற மதகின் முன்னால் வரிசையில் நின்றது. ஆறு கீழே கிடந்தது, கால்வாய் மேலே இருந்தது. கப்பலை உள்ளே விட்டு, கதவடைத்து, தண்ணீரை நிரப்பி, வீடு உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. காலை பத்து மணியிலிருந்து காத்திருந்தார்கள். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. ஆலையில் அன்றைக்குள் போய்ச் சேர்ந்தால் கிரேன் கிடைக்கும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைதான்.

பன்னிரண்டரைக்கு ஹிஸ்கே தக்காளி சூப்பும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். டௌவே தன் பங்கை எடுத்துக்கொண்டு சுக்கான் அறைக்குப் போனார். கீழே மூவரும் உட்கார்ந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று நாற்காலியும் நிறைந்திருந்தது. யூர்யெனுக்கு அதுவே போதும் போல இருந்தது.

ஹிஸ்கே சூப்பை முடித்தாள். ரொட்டியில் ஒரு ஓரம் கடித்தாள். வைத்தாள். தட்டைக் கொஞ்சம் தள்ளினாள்.

நின்கே தன் வாயைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அம்மாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டாள். இரண்டு கையையும் மேசைமேல் கட்டிக்கொண்டாள்.

“எங்க விடுதியில கடைசி ஆளு முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாதும்மா. நீ மெதுவாச் சாப்பிடு. நான் பாத்துக்கறேன்.”

“நீ என்னத்தப் பாத்துக்கற?” ஹிஸ்கே சிரிக்கப் பார்த்தாள்.

“நீ சாப்பிடறத. நான் இல்லாதப்ப நீ சாப்பிட மாட்டேன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வர்றப்பல்லாம் ரொட்டிப் பாக்கெட்டுல எத்தனை துண்டு மிச்சம் இருக்குன்னு எண்ணுவேன். போறப்பவும் எண்ணிட்டுத்தான் போவேன்.”

ஹிஸ்கேயின் முகம் சுண்டிவிட்டது. யூர்யென் எதையாவது சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“நின்கே. இங்க பாரு. நீ எண்ணக் கூடாது.”

“ஏன்?”

“அது உன் வேலை இல்லடா கண்ணு.”

“அப்ப யாரு வேலை?”

ஹிஸ்கே பாலாடைக்கட்டி மேல் இருந்த துணியை எடுத்து மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“என் வேலை,” என்றாள். “எனக்கு ஒரு சீக்கு இருக்கு. அது எனக்குச் சாப்பாட்டுல சண்டை இழுத்து விடுது. அத சரி பண்றது என் வேலை. அப்பா, தாத்தா, மார்லூஸ், எல்லாரும் பெரியவங்க, அவங்க உதவி செய்வாங்க. உன் வேலை உன் தட்டு மட்டுந்தான். முடிச்சுட்டியா?”

“முடிச்சுட்டேன்.”

“அப்ப எந்திரிக்கலாம். இது விடுதி இல்ல. மேல போய்த் தாத்தாவுக்கு மோர் குடு.”

நின்கே அசையவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மோர்க் குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று, “உண்மையாவே எண்ண வேணாமா?” என்று கேட்டாள்.

“வேணாம்.”

அவள் மேலே போன பிறகு ஹிஸ்கே அந்தத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

“ஏழு வயசு,” என்றாள். “ரொட்டி எண்ணிட்டு இருந்திருக்கா.”

யூர்யென் எழுந்து அவளருகே வரப் பார்த்தான்.

“வேணாம். அங்கயே உக்காரு. எதிர்ல. போயிடாத.” அவள் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். “நான் இத முடிக்கணும். என்னால தனியா முடியல. நீ உக்காரு.”

இத்தனை வாரத்தில் அவளாக இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. யூர்யென் உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் கடித்தாள்.

அப்போது மேலேயிருந்து டௌவேயின் குரல் கப்பலின் உள்பேசியில் வந்தது. “டேய், பச்சை விழுந்துடுச்சு. நம்ம முறை. ரெண்டு பேரும் வாங்க, வடத்தப் பிடிக்கணும்.”

யூர்யெனின் கால்கள் தாமாகவே எழுந்தன. பச்சை விழுந்தால் எழுவது இருபது வருஷப் பழக்கம். பாதி எழுந்த நிலையில் அவளைப் பார்த்தான். தட்டில் முக்கால் துண்டுக்கு மேல் அப்படியே இருந்தது.

“பரவால்ல,” என்றாள் ஹிஸ்கே. “போ.”

இந்தத் தடவை அந்தச் சொல் அவன் காதில் சரியாக விழுந்தது. அவன் குனிந்து உள்பேசியின் பொத்தானை அழுத்தினான்.

“அப்பா, விட்டுடுங்க. அடுத்த தடவை போயிக்கலாம்.”

“என்னடா சொல்ற? அடுத்த தடவை ரெண்டரை மணியாவும். கிரேன் போயிடும்டா!”

“போகட்டும்.”

யூர்யென் உட்கார்ந்தான். திறந்திருந்த படிவழியாக வயர்லெஸ் கரகரத்தது. மதகுக்காரரின் குரல்.

“யகோபா, யகோபா. பச்சை விழுந்து நாலு நிமிஷமாச்சு. உள்ள வர்றீங்களா, இல்லையா?”

டௌவே தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

“மதகு, இது யகோபா. நாங்க சாப்பிட்டுட்டு இருக்கோம்.”

“என்னது?”

“சாப்பிட்டுட்டு இருக்கோம். பின்னால இருக்கறவர் முன்னால போகட்டும்.”

ஆற்றில் நின்ற பத்துப் பதினைந்து கப்பலிலும் அது கேட்டிருக்கும். பிறகு பின்னால் நின்ற பெல்ஜியக் கப்பலிலிருந்து, இழுத்து இழுத்துப் பேசுகிற ஒரு ஆண் குரல் வந்தது. “நன்றி யகோபா. நிதானமாச் சாப்பிடுங்க.”

ஹிஸ்கே கண்ணை மூடிக்கொண்டாள். “ஆத்துக்கே சொல்லிட்டாரு.”

“என்ன சாப்பாடுன்னு சொல்லலையே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டாவது வாய் கடித்தாள். மென்றுகொண்டே, “பேசு,” என்றாள். “எதையாவது பேசு. அது உள்ள பேசறதுக்கு முன்னால நீ பேசு.”

யூர்யெனிடம் சுருட்டுப்பெட்டி மூடி இல்லை. உப்புக் குப்பியைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு என்ன ஆயிடுச்சுன்னு அன்னிக்கி கார்ல கேட்டேன்ல,” என்றான். “விடுதிக்குப் போன மொதல் வாரம், சாப்பாட்டு நேரத்துலதான் அழுகை வரும். வீட்டுல அம்மா பரிமாறுவாங்கல்ல, அது ஞாபகம் வந்துடும். பசங்க முன்னாடி அழுதா அவ்வளவுதான். அதனால வேக வேகமா முழுங்கிட்டு எந்திரிச்சுப் போய் கக்கூஸ்ல நின்னு அழுவேன். ஏழு நிமிஷம். அதுக்கு மேல மேசையில இருந்தா வந்துடும்னு பயம். அப்புறம் அழுகை நின்னு போச்சு. ஏழு நிமிஷம் மட்டும் நிக்கல.”

ஹிஸ்கே மெல்வதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். “பதினாலு வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்ல நீ.”

“உக்காந்தாத்தானே சொல்றதுக்கு.”

அவர்கள் அங்கே ஐம்பது நிமிஷம் இருந்தார்கள். பெல்ஜியக் கப்பல் அவர்களை உரசுகிற மாதிரிக் கடந்து போனபோது சன்னல் இருண்டு வெளிச்சமாயிற்று. ரொட்டி சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் பாலாடைக்கட்டி ஓரம் ஒன்று மட்டும் நின்றது. அதை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் தின்றாள். தின்று முடித்ததும் சந்தோஷப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோற்றுப்போனவள் போல உட்கார்ந்திருந்தாள். அந்த நேரமும் கடக்கவேண்டியிருந்தது. யூர்யென் எழவில்லை.

“வியாழக்கிழமை எங்கயும் லோடு எடுக்காத,” என்றாள் கடைசியில்.

“எடுக்கல.”

“பகல் நேர சிகிச்சைன்னு சொன்னாங்கல்ல. அவங்க சொல்றதுக்கு முன்னால நானே கேக்கப் போறேன்.”

“கப்பலை நைமேகன்லயே கட்டிடலாம்.”

“எவ்வளவு நாள் ஆவுமோ.”

“ஆகட்டும். ஆத்துல தண்ணியும் இல்ல.”

ஒன்பது வாரம் ஆயிற்று. நடுவில் ஆற்றில் தண்ணீர் வந்து, மற்றக் கப்பல்கள் முழுச் சுமையோடு ஓட ஆரம்பித்தபோதும் யகோபா நைமேகன் துறையிலேயே கிடந்தது. பெரிய விருந்துக் காலமான டிசம்பரில் அவள் சாப்பாட்டில் ஒருமுறை சறுக்கினாள். ஜனவரியில் எழுந்தாள். ஆனால் அதெல்லாம் பின்னால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்குத்தான் மறுபடி பச்சை விழுந்தது. தூறல் நின்றிருந்தது. யூர்யென் சுக்கானைப் பிடித்தான். டௌவே பின்பக்க வடத்துக்குப் போனார். நின்கே சுக்கான் அறைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். ஹிஸ்கே மழைச்சட்டை போட்டுக்கொண்டு முன்பக்கம் போனாள். கப்பல் ஈரச் சுவர்களுக்கு நடுவே அங்குலம் அங்குலமாக நுழைந்தது. அவள் வடத்தை வீசினாள். முதல் வீச்சு தவறித் தண்ணீரில் விழுந்தது. இழுத்தெடுத்து இரண்டாம் தடவை வீசி, சுவரிலிருந்த இரும்பு முளையில் மாட்டினாள். பின்னால் கதவுகள் மூடிக்கொண்டன. தண்ணீர் சுழித்துக்கொண்டு அடியிலிருந்து ஏறத் தொடங்கியது.

அவள் தோளிலிருந்த பேசியை வாய்க்கருகே கொண்டுபோனாள். சுக்கான் அறையில் அவள் குரல் கேட்டது. காற்று இரைச்சலோடு, கொஞ்சம் மூச்சு வாங்க.

“மூணரைக்கு யாரு என்கூட உக்காரப் போறீங்க? நீயா, மாமாவா?”